மீன் படம் போட்ட சாய டின்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜார்ஜ் டவுன் கரையோரத்தில், படகுகளைக் கரையேற்றிச் சாயம் அடிக்கும் இடத்தில் இருபத்தெட்டு வருடமாக வேலை செய்கிறேன். படகின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டினால் வேகம் போய்விடும், எண்ணெய் அதிகம் குடிக்கும். பழைய சாயத்தைச் சுரண்டிவிட்டு, எதுவும் ஒட்டாத சிவப்புச் சாயத்தைப் புதிதாக அடிப்போம். சுரண்டிய தூளைக் குழாய்த் தண்ணீரால் அடித்துக் கடலுக்குள் தள்ளிவிடுவோம். எங்களுக்குக் கூட்டிப் பெருக்குவது அதுதான்.

அக்கா வீடு கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில். மச்சானுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விளங்காமல் போய்விட்டது. பேச்சும் நின்றுவிட்டது. நன்றாக இருந்தபோது அவரே வாசலில் கட்டிய சிமெண்டுத் தொட்டியில், கோய் என்கிற பெரிய வண்ண மீன்கள் பதினொன்று இருந்தன. காலையில் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் ரொட்டியைக் கிள்ளிப் போடுவார். மீன்கள் அவர் விரலையே சப்பும். அவர் சிரித்து நான் பார்ப்பது அப்போது மட்டும்தான்.

தொட்டியில் பாசி தேய்ப்பது அக்காவின் பாடு. முட்டி வலியோடு மாதம் இரண்டு தடவை உள்ளே இறங்குவாள். பார்த்துக்கொண்டு நிற்பேனே தவிர, நான் செய்கிறேன் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். ஒரு நாள் எங்கள் முதலாளி தவ்க்கே, மிஞ்சிய அரை டின் சாயத்தை எடுத்துப் போகச் சொன்னார். அதை மோட்டார் சைக்கிளில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஃபெரி ஏறினேன்.

"என்னடா தம்பி, வாயத் தொறக்காத ஆளு டின்னத் தூக்கிட்டு வந்து நிக்கிற?" என்றாள் அக்கா.

"இத அடிச்சா ரெண்டு வருசத்துக்குப் பாசி புடிக்காதுக்கா."

அவள் டின்னைத் திருப்பிப் பார்த்தாள். "பாருலா, மீன் படமெல்லாம் போட்டிருக்கான். மீனுக்குன்னே செஞ்சது போல."

டின்னில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அந்தப் படத்தை நானும் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். சிவப்புக் கோடு போட்ட கட்டத்துக்குள் ஒரு மொட்டை மரம், பக்கத்தில் ஒரு மீன். படகுச் சாயம், அதனால் மீன் படம் என்றே நினைத்திருந்தேன்.

மீன்களைப் பெரிய பீப்பாயில் விட்டுவிட்டு, தொட்டிக்கு இரண்டு பூச்சு அடித்தேன். நான்கு நாள் காயவிட்டுத் தண்ணீர் நிரப்பி, மீன்களைத் திரும்ப விட்டோம்.

"பாத்தீங்களா என் தம்பி வேலைய? என் முட்டி தப்பிச்சுச்சு," என்றாள் அக்கா. மச்சான் இடது கைக் கட்டை விரலை என் பக்கம் தூக்கிக் காட்டினார். கூச்சத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மீன்களோடு வந்து தொட்டிச் சுவரில் ஊர்ந்த நத்தைகள் மறுநாளே அடியில் உதிர்ந்தன என்றாள் அக்கா. சாயம் வேலை செய்கிறது என்றேன். ஐந்தாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது தம்பி. பைப்புத் தண்ணியில குளோரினக் கூட்டிட்டானுங்க போல."

நான் போவதற்குள் நான்கு மிதந்தன. மற்றவற்றைப் பீப்பாய்க்கு மாற்றினோம். மூன்று நாளில் அவையும் போய்விட்டன. கடைசி மீனை எடுத்துச் சிமெண்டுத் தரையில் வைத்தபோது, சுவரோரம் அந்தக் காலி டின் நின்றது. படத்தில் இருந்த மீனும் அப்படித்தான் வயிறு மேலே தெரியக் கிடந்தது. மரத்தில் ஓர் இலைகூட இல்லை.

"பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவும் இதே தண்ணிதான் ஊத்துது. அது மீனுக்கு ஒண்ணும் ஆவலையே," என்றாள் அக்கா. மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் வாய் திறந்து ஒன்றும் கேட்க முடியாது. என்னால் சொல்ல முடியும்.

தண்ணீரைத் திறந்துவிடுகிறேன் என்று தொட்டியின் அடைப்பில் கை வைத்தேன். அது வாசல் சாக்கடைக்குப் போகும். அதில் பொடி மீன்கள் ஓடுகின்றன. அங்கிருந்து ஆறு, அப்புறம் கடல். இந்தப் பக்கம் அக்காவின் கறிவேப்பிலையும் மிளகாய்ச் செடியும். ஒரு தொட்டித் தண்ணீரை ஊற்ற எனக்கு இடம் தெரியவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வேலையிடத்தில், எங்களை மேய்க்கும் மண்டோரிடம் கேட்டேன். "அண்ணே, சிமெண்டுல அடிச்ச இந்தச் சாயத்த எப்படி எடுக்கிறது?"

"சொரண்டுலா. வேற எப்படி?"

"தூள எங்க போடுறது?"

அவர் சிரித்துவிட்டார். "இருவத்தெட்டு வருசமா எங்க போட்ட? நேத்துதான் வேலைக்கு வந்தவன் மாதிரி கேக்குற!" என்று குழாயை என் கையில் கொடுத்தார். நான் பிடித்தேன். சிவப்புத் தண்ணீர் என் காலைச் சுற்றிச் சேற்றில் இறங்கியது. அந்தச் சேற்றில் ஒரு நத்தையாவது ஊர்கிறதா என்று அன்றுதான் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

தொட்டி இன்னும் நிறைந்தே இருக்கிறது. மழை பெய்தால் விளிம்பில் வழிந்து, நான் தடுத்தது கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடைக்குப் போகிறது. மச்சான் பழக்கத்தில் ரொட்டியைக் கிள்ளிப் போடுகிறார். அது ஊறி மிதக்கிறது. நாளைக் காலை புது மீன் வாங்கி விடப் போவதாக அக்கா சொல்லிவிட்டாள். "வேணாங்க்கா" என்றேன். "ஏன்டா?" என்றாள். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காலையில் முதல் ஃபெரியில் போய் இந்தத் தாளை அவள் கையில் கொடுக்க வேண்டும். எதையும் அவள் சத்தமாகத்தான் படிப்பாள். மச்சானும் கேட்பார்.

சனிக்கிழமை, 16 நவம்பர் 2024.