எலுமிச்சம்பழத்தில் ஏறாத சக்கரம்

காலையில் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் உடுமலை வண்டியில் ஏறும்போதே நடத்துநர் மறித்தார். "ஏனுங்க, அதுக்கு லக்கேஜ் போடோணுமாட்ட இருக்குதே?" புது ஸ்கேட்போர்டை மடியில் வைத்துக்கொண்டு, "கைப்பை மாதிரிதானுங்க" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். பல்லடத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஒரு சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்.

"துணி தேய்க்கற பலகைக்குச் சக்கரம் எதுக்குங்க?"

"ஏறி நின்னு ஓட்டறதுங்க."

"ஆரு, நீங்களா?"

"நானேதானுங்க. முப்பத்தெட்டு வயசாச்சு, இன்னும் ஓட்டறேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழகிப்போன ஒன்று.

பல்லடம் தாண்டினால் உடுமலைக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர். வழியெல்லாம் தென்னையும் காற்றாலையும். நான் போவது சித்தப்பாவின் கொப்பரைக் களத்துக்கு. தேங்காய்ப் பருப்பை உலர்த்தும் அந்தச் சிமெண்டுத் தளம் அத்தனை விசாலம்; கோவையில் அப்படி ஓர் இடத்துக்கு நாங்கள் ஏங்கிக் கிடக்கிறோம். அவர் மகள் ரம்யா கல்லூரியில் படித்தபோது என்னிடம் பலகை ஓட்டக் கற்றவள். இப்போது ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆசைப்படுகிறாள். ரோட்டில் முடியாது, லாரி வரும். களம் வேண்டும். சித்தப்பா அவளிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "உங்கக்கா வந்து ஒருக்காக்கூட உழுகாம ஓட்டிக் காட்டட்டும். அப்புறம் பேசலாம்."

பலகையை நான் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தேன். களத்தில் வெடிப்பு இருக்கும், ஆகவே கொஞ்சம் பெரிய, மெத்தென்ற சக்கரம். கெட்டிச் சக்கரமாக இருந்தால் சின்னக் கல் பட்டாலும் நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போவார். பலகைக்கு ஐயாயிரத்துச் சொச்சம், ஹெல்மெட்டுக்கும் முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகளுக்கும் மூவாயிரம். "பலகையே போதுமே, காப்பு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காசு பத்தாவிட்டால் மலிவான பலகை வாங்குங்கள், மலிவான ஹெல்மெட் வாங்காதீர்கள்.

உடுமலை நிலையத்துக்குச் சித்தப்பா மொபெட்டில் வந்திருந்தார். ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கியது. "தலையில போடறதில்லீங்களா?" என்றேன். "போலீஸ் நிக்கற எடத்துல போட்டுக்குவேன் கண்ணு."

வீட்டு வாசலில் சித்தி தட்டோடு நின்றிருந்தார். "புது வண்டி வாங்கிட்டு வந்திருக்கறே, பூசை போடாம ஓட்டலாமா?" வண்டி! அந்த ஒரு சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். வண்டி என்றால் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். சக்கரமோ பழத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஏறவே மாட்டேன் என்றது. சித்தி விடுவாரா? பலகையைத் தூக்கி, பழத்தின் மேல் வைத்து, ஒவ்வொன்றாக அழுத்தி நசுக்கினார். சக்கரத்தின் நடுவில், சரியாகப் பேரிங்கின் மேலேயே, சந்தனமும் குங்குமமும் அப்பினார். ஆசையாகச் செய்தார், தடுக்க மனம் வரவில்லை.

களத்தில் இறக்கினேன். கரகரவென்று இரண்டடி போய் நின்றது.

"வண்டியே ஓடலியே அம்மணி" என்றார் சித்தப்பா. ரம்யாவின் முகம் செத்துப்போயிற்று.

"அட, நானே கெடுத்துப்போட்டனா!" என்று சித்தி தவித்தார்.

"எப்பிடியும் அப்பப்போ கழுவோணுமுங்க சித்தி. ரம்யாவுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆச்சு" என்று உட்கார்ந்தேன். எனக்கு இது பெரிய வேலையில்லை. நட்டைக் கழற்றி, பேரிங்கை வெளியே எடுத்து, மூடியை ஊக்கு முனையால் நெம்பி, கிண்ணத்துப் பெட்ரோலில் அலசினோம். சாறு நின்றால் துரு பிடிக்கும். வெயிலில் உலர்த்தி முடிப்பதற்குள் சித்தி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். உடுமலையில் எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து! "அது பிசுபிசுத்துத் தூசியைப் புடிச்சுக்குமுங்க" என்று சொல்லி, ரம்யாவின் தையல் மிஷின் எண்ணெயை ஒவ்வொரு சொட்டாக விட்டேன். சக்கரம் சத்தமே இல்லாமல் சுழன்றது.

காப்புகளை மாட்டினேன். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும், வார் தாடையோடு ஒட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் அளந்து காட்டினேன். களத்தை இரண்டு சுற்று வந்தேன். காற்று முதுகில் தள்ளியது. அப்படியே நிறுத்தியிருந்தால் களம் எங்களுடையது. ஆனால் நாளைக்கு ஒரு பிள்ளை விழுந்தால் அன்றைக்கே அது பூட்டப்படும். மூன்றாவது சுற்றில், நல்ல வேகத்தில், வேண்டுமென்றே விழுந்தேன்.

"ஐயோ, அம்மணீ!" சித்தப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். நான் இரண்டு முழங்காலிலும் சறுக்கிப் போய் எழுந்து நின்றேன்.

"உழுகாம ஓட்டறேன்னு சொன்னா அது பொய்யிங்க சித்தப்பா. உழுந்தா என்ன ஆகும்னு நீங்க பாக்கோணும்னுதான் உழுந்தேன்."

அவர் குனிந்து, காப்பின் பிளாஸ்டிக்கில் விழுந்திருந்த நீளக் கீறலை விரலால் தடவினார். "இது கால்ல உழுந்திருக்க வேண்டியது."

"ஆமாங்க."

நிமிர்ந்து ரம்யாவிடம் சொன்னார்: "கொப்பரைய மேக்கால போட்டுக்கறேன். கெழக்கால உம்பட புள்ளைகளுக்கு. தலையில போடாம ஒருத்தி ஏறினாலும் கேட்டைச் சாத்திப்போடுவேன்."

"அப்ப நீங்க?" என்றாள் ரம்யா.

சாயங்காலம் அவரே நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். எங்கள் கோவையில் நான் போகும் மைதானங்களில் எல்லாம் 'அனுமதி இல்லை' பலகை தொங்கும். இங்கே ஒரு கொப்பரைக் களம் பாதியாகப் பிரிந்து இடம் விட்டிருக்கிறது. பொறாமையாகக்கூட இருந்தது. "வாரேனுங்க சித்தப்பா" என்று ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கீழே அவர் கைப்பிடியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து, புருவத்தின் மேல் இரண்டு விரல் வைத்து அளந்து பார்த்து, வாரை மாட்டினார். சுற்றிலும் பார்த்தேன். போலீஸ் யாரும் இல்லை.