இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபதில் ஒன்று

விசில் மாஸ்டர் மனிதர்களை எண்ணிக்கையாகப் பார்த்தே பழகியவர். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஊரில் பெரிய கூட்டு ஆட்டம் எது நடந்தாலும் மேடைமேல் நின்று விசில் ஊதுகிறவர் அவர்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லை என்பானேன்!

புது மைதானத் திறப்புக்கு அவர் கேட்டது இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது பேர். "ரெண்டாயிரத்து ஐந்நூறுன்னு ரவுண்டா வச்சுக்கலாமே சார்" என்றார் விழாக் கமிட்டித் தலைவர். மாஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உங்க ரவுண்டை மூணால வகுத்துப் பாருங்க, பல்லை இளிச்சிடும்! என் எண்ணை ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எதால வகுத்தாலும் மிச்சமே வராது. அப்படி வகுபடுற எண்கள்லயே சின்னது இதுதான். ஆடும்போதே ரெண்டு ரெண்டா, மும்மூணா, பத்துப் பத்தா வரிசையை மாத்துவேன். ஒத்தை ஆள் தனியா நிக்காது."

"என்னையும் சேத்துக்கங்களேன்" என்றாள் அவர் மனைவி, அன்று சாப்பிடும்போது.

"ஒண்ணு கூடினா அது பகா எண். எந்த வரிசைக்கும் பிரியாது."

"அதானே! என்னைச் சேத்தா மட்டும் உங்களுக்குக் கணக்கு இடிக்கும்."

திறப்பு நாளன்று அரங்கில் எள் விழ இடமில்லை. ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்தில் கடைசி வரிசையில் கடைசி ஆளைக் காணவில்லை. இந்த எண்ணில் ஒன்று குறைந்தால் இரண்டால் வகுத்தாலும் ஒன்று குறையும், ஏழால் வகுத்தாலும் ஒன்று குறையும், பத்தால் வகுத்தாலும் அதே கதிதான். எத்தனை தடவை வரிசை மாறினாலும் கடைசி மூலையில் ஓட்டை! ஊரே பார்க்க மானம் கப்பலேறிவிடும்.

"யாரு வரலை?"

பக்கத்து இடத்துக்காரியான தையற்கடைப் பெண் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "ரொட்டிக்கடை அக்கா சார். காலைல கால் பிசகிடுச்சு. ஒத்திகைக்கு ஒரு நாள்கூடத் தவறினதில்ல, உங்களுக்குத் தெரியாதா?"

மாஸ்டருக்கு அந்த முகம் நினைவுக்கே வரவில்லை. மேடையிலிருந்து பார்த்தால் உச்சந்தலைகள்தான் தெரியும்.

அடவு எல்லாம் தெரிந்த வேறு ஆள் அவர் ஒருவர்தான். விசிலைக் கழற்றி, மேடையோரம் வேடிக்கை பார்க்க வந்து நின்ற மனைவியிடம் நீட்டினார். எப்போது ஊத வேண்டும் என்பது, வீட்டில் கேட்டுக் கேட்டு, அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"போய் நில்லுங்க. காலை மாத்தி வச்சீங்கன்னா எல்லார் முன்னாடியும் ஊதுவேன்" என்று அவள் மேடையேறினாள்.

விசில் ஒலித்தது. வரிசைகள் இரண்டாய், மூன்றாய், நான்காய்ப் பிரிந்து சேர்ந்தன. மாஸ்டர் ஜம்மென்று ஆடினார். நம் எண்ணா கொக்கா என்று உள்ளே ஒரே குஷி. ஏழுக்கு மாறும் சுழலில் தையற்கடைப் பெண் சட்டென்று கையை நீட்டினாள்.

"இது ஆட்டத்துல கிடையாதே!" என்று அதட்டினார்.

"இங்க எனக்குத் தலை சுத்தும் சார். எப்பவும் அக்காதான் பிடிச்சுப்பாங்க, உங்களுக்குத் தெரியாம."

மாஸ்டர் அவள் கையை இறுகப் பிடித்துச் சுழற்றிவிட்டார். எட்டுக்கு விசில் வந்தபோது அவரே முதலில் கையை நீட்டினார்.