ஆண்கள் வார்டில் வலிக்கு மார்க்

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவனுக்கு எல்லோருடைய வலியும் தெரியும். அவன் வலியை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தே கால் மரத்துப்போன உங்களுக்கு இது புரியும்.

வருஷா வருஷம் நர்சிங் காலேஜ் பிள்ளைகள் ஆராய்ச்சிக்கென்று எங்கள் வார்டுக்கு வருவார்கள். ஒருமுறை நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் கேளுங்க" என்றேன். அவர்களுடைய டீச்சரம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது இன்னும் நெஞ்சில் நிற்கிறது: "நோயாளிங்க மட்டுந்தாங்க கணக்கு. நீங்க அதுல வரமாட்டீங்க."

பூஜ்யம் முதல் பத்து வரை

இந்த வருஷம் கீர்த்தனா, ஷபீனா என்று இரண்டு சிநேகிதிகள். கீர்த்தனா எண்ணால் அளக்கிறவள். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து. முதல் கட்டிலில் அன்னூர் ராமசாமி, முறிந்த காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். "ரெண்டுங்க அம்மணி" என்றார்.

அடுத்த கட்டிலும் இரண்டு. அதற்கடுத்தது ஒன்று. கடைசிக் கட்டிலில் தொடை எலும்பு முறிந்து வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த பல்லடத்துத் தறிக்காரரும் ஒன்று என்றார். "நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டாள் கீர்த்தனா. அவர் குரலைத் தாழ்த்தினார்: "ஏனுங்க, மொதக் கட்டில் பெரியவரே ரெண்டுங்கறாரு. நான் அதுக்கு மேல சொன்னா நல்லாவாங்க இருக்கும்?"

தேங்காய்

ஷபீனா எண் கேட்பதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்க வலியப் பத்திச் சொல்லுங்கய்யா" என்பாள். செல்போன் பதிவு செய்துகொண்டிருக்கும். ராமசாமி போர்வெல்லில் தொடங்கி, தென்னையில் ஏறி, மருமகன் வாங்கிய காரில் வந்து இறங்கினார். டீச்சரம்மா அந்தப் பதிவைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுல தேங்காய் இருக்குது. வலி எங்கம்மா?"

மாட்டுக் கயிறு

மறுநாளும் ஷபீனா ராமசாமியிடம் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்துக் கட்டில்காரரை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோக நின்றிருந்தேன். பேச்சு மாட்டுக்கு வந்தது. "கயித்த இறுக்கிக் கட்டிப்போட்டா மாட்டுக்குக் காலு வீங்கிப்போகுமுங்க. இப்ப எனக்கு அப்படித்தான் இருக்குது. விரலெல்லாம் மரமரங்குது" என்றார்.

ஷபீனாவுக்கு முகம் மாறிவிட்டது. "நேத்தே ஏனுங்கய்யா சொல்லல?"

"வலின்னா ஊட்டுக்கு உடமாட்டாங்க கண்ணு. சினை மாடு, இன்னிக்கோ நாளைக்கோ கன்னுப் போட்டுரும்."

திரைக்குள்ளே

ஷபீனா டூட்டி டாக்டருக்குப் போன் போட்டு மாட்டிலிருந்து ஆரம்பித்தாள். அவருக்கு அங்கே ஏகப்பட்ட கூட்டம். "வலி எத்தனைன்னு சொல்லும்மா" என்றார். கீர்த்தனா ஓடிவந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, ராமசாமியின் காதருகே குனிந்தாள். "வேற யாருக்கும் கேக்காதுங்கய்யா. எத்தனை?" "ஒம்பதுங்க" என்றார்.

அந்த ஒன்பதைக் கேட்டதும் டாக்டர் வந்துவிட்டார். இறுகிக் கிடந்த மாவுக்கட்டை வெட்டினார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். கொஞ்சம் தாமதித்திருந்தால் கால் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கீர்த்தனா அதன்பிறகு எல்லோரையும் திரைக்குள்ளேதான் கேட்டாள். தறிக்காரர் ஏழு சொன்னார். ராமசாமி கண் விழித்ததும் சொன்னது இதுதான்: "மாடு என்னாச்சுன்னு ஊட்டுக்கு ஒரு போன் போடுங்க."

எண் மட்டும் போதாது, பேச்சு மட்டும் போதாது, இரண்டும் வேண்டும் என்று டீச்சரம்மாவே இப்போது பாடம் எடுக்கிறாராம். என் இடுப்பு இரண்டுக்கும் தயாராகத்தான் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.