கப்பல் திரும்பி வரும்போது என்ன கொண்டு வந்தது?

இதை யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் அம்மா, அப்பாவிடம் காட்டவே வேண்டாம். அவர்களிடம் போனால் அடுத்த நிமிடம் என் அப்பாவிடம் வந்துவிடும். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் தவநாதன் மாமாவிடம் புள்ளி இழந்த உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். நாளைய நினைவுக் கூட்டத்துக்காக அப்பா அச்சடித்துத் தந்த பேச்சுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வேறு தாள் எடுக்க வரவேற்பறைக்குப் போகவேண்டும். அங்கே அப்பா இருக்கிறார். படம் எடுத்து அனுப்பியதும் கிழித்துவிடுவேன்.

தவநாதன் மாமா இறந்த செய்தி வந்தபோது நாங்கள் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில், வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த மாமா அப்படியே சரிந்துவிட்டாராம். "ஐயோ, நல்ல மனுசன்" என்றார் அம்மா. அப்பா கை கழுவிவிட்டு வந்து, "கூட்டத்தில பிள்ளையள் சார்பில ஆர் பேசுறதாம்?" என்று கேட்டார். நான் படுக்கப் போகுமுன் அது நான்தான் என்று முடிவாகிவிட்டது. மறுநாள் பேச்சும் தயார்.

நம்முடைய பேச்சுப்போட்டி எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எழுதுவது அப்பாக்கள், பாடமாக்குவது நாங்கள், பரிசு வாங்குவது திரும்பவும் அப்பாக்கள். இந்த ஏற்பாட்டைக் குழப்பிய ஒரே நடுவர் மாமா. மட்டக்களப்பிலிருந்து வந்து, நோர்வேப் பாடசாலை ஒன்றில் சமூகபாடம் படிப்பித்தவர். பேச்சு முடிந்ததும் முறுக்கைக் கடித்துக்கொண்டு கேள்வி கேட்பார். "எம்மொழி இமயமலை!" என்று முழங்கிய ஒரு சின்னப் பிள்ளையிடம் கேட்டார்:

"இமயமலையப் பாத்திருக்கியா மகள்?"

"இல்லை."

"ஹொல்மென்கொல்லன் மலை?"

"ஓம், பனிச்சறுக்கப் போனனான். விழுந்து எழும்பினனான்."

"அப்ப அதச் சொல்லு. நான் நம்புவன்."

பிள்ளை சிரித்தது. எழுதிக்கொடுத்த தாய் சிரிக்கவில்லை.

என் முறை வந்தபோது தலைப்பு, தொழில்வளர்ச்சியின் தொடக்கத்தில் பன்னாட்டு வணிகத்தின் பங்கு. "இந்நாட்டு மரமும் மீனும் கப்பலேறின! ஆலைகள் எழுந்தன! நாடு நிமிர்ந்தது!" என்று முடித்தேன். கையை உயர்த்தவேண்டிய இடங்களை அப்பா சிவப்பு மையால் குறித்துத் தந்திருந்தார்.

"கப்பல் போன, சரி," என்றார் மாமா. "கிறுகி வரக்குள்ள என்னத்தக் கொண்டு வந்த?"

கிறுகி என்றால் அவர்களுடைய ஊரில் திரும்பி. அது புரிந்தது. பதில்தான் தெரியவில்லை. அப்பாவின் தாளில் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. முன்வரிசையில் இருந்த அப்பாவைப் பார்த்தேன். அவருடைய வாய் "பொன்" என்று அசைந்தது.

"பொன்," என்றேன்.

"அப்ப மகள், ஆலைக்குள்ள பொன்ன வெச்சா நூல் நூத்த?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. முறுக்குப் பெட்டியுடன் இருந்த மாமாவின் மனைவி, மாமியும் சிரித்தார்.

பிறகு தேநீர் மேசையில் மாமாவிடம் போய்ப் பதிலைக் கேட்டேன். "சொல்ல மாட்டன். ஆக்கர்செல்வா ஆத்தங்கரைக்குப் போய்ப் பார்," என்றார். போகத் திரும்பியவளை நிறுத்தி, "வணிகம் கதவு மாதிரி மகள். கதவு திறந்தாப்போல சோறு வேகாது," என்றார். எனக்கு எரிந்துகொண்டு வந்தது. நாளை எல்லாரும் அவரை அன்பானவர் என்பார்கள். எங்களுக்குத் தெரியும், அவர் எவ்வளவு எரிச்சலூட்டுகிற மனிதர் என்று.

காரில் அப்பா, "கிறுகியாம்! தமிழ் தெரியாத ஆளெல்லாம் நடுவர்!" என்றார். அதன் பிறகு அப்பா மாமாவுடன் கதைக்கவில்லை. என்னுடனும்தான். என் அப்பா அடிக்கமாட்டார். கதைக்காமல் விடுவார். சாப்பாட்டு மேசையில் உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கும், அம்மாவிடம்தான் கேட்பார். அது வாரக்கணக்கில் நடந்தது. அதற்குத்தான் எனக்குப் பயம்.

கோபத்தோடுதான் ஆற்றங்கரைக்குப் போனேன். பழைய ஆலைகளில் இப்போது அலுவலகங்களும் கோப்பிக் கடைகளும் இருக்கின்றன. பிறகு நூலகத்தில் தேடி வாசித்தேன். கப்பலில் இங்கிலாந்தின் நூற்கும் இயந்திரங்கள் வந்தன. அவற்றை ஓட்டத் தெரிந்த ஆட்கள் வந்தார்கள். நிலக்கரி வந்தது. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகள் பறித்த பஞ்சும் வந்தது. அப்பாவின் "நாடு நிமிர்ந்தது" என்ற வரியில் அவர்களுடைய முதுகுக்கு இடமில்லை. ஆனால் வந்ததெல்லாம் துறைமுகத்திலேயே கிடந்திருந்தால் ஒரு முழத் துணியும் வந்திராது. சக்கரத்தைச் சுழற்ற ஆறு விழவேண்டியிருந்தது. நாட்டுப்புறத்திலிருந்து என் வயதுப் பெண்கள் வந்து நாள் முழுக்க நிற்கவேண்டியிருந்தது. கதவும் சோறும் அப்போதுதான் புரிந்தது.

அதை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் நானும் அப்பாவும் நின்றோம். மாமா நேரே வந்தார். "என்ன மகள், கப்பல் கிறுகிட்டா?" பதில் என் வாயில் இருந்தது. அப்பா என் பையின் வாரைப் பிடித்து இழுத்தார். "வா, ரெயின் வருது." ரயில் வரவில்லை. மேடையின் மறுமுனையில் போய் நின்றோம். அங்கிருந்து பார்த்தபோது அவர் கையால் அலைபோலக் காட்டிச் சிரித்தார். பனிக்காலம் தொடங்கியதும் இறந்துவிட்டார்.

இந்தத் தாளின் மறுபக்கத்தில், அப்பாவின் பேச்சில், ஆலமரம் சாய்கிறது. ஒஸ்லோவில் எங்கே ஆலமரம்? அதற்குக் கீழே, "என் வணிகப் பேச்சைக் கேட்டுக் கண்கலங்கி என்னைத் தட்டிக்கொடுத்தார்" என்று இருக்கிறது. முன்வரிசையில் மாமி இருப்பார். அன்று சிரித்தவரின் முகத்தைப் பார்த்து இதை நான் சொல்லவேண்டும்.

"அப்பா, அவர் அப்பிடிச் செய்யேல்லையே."

"செத்த ஆளைப்பற்றி நல்லதைத்தான் சொல்லுறது. நீ பாடமாக்கு."

அவரைப் பொய்யாக அழவைத்தால் அது நல்லதைச் சொல்வதா? யாரிடம் கேட்பது? கேட்கக்கூடிய ஒருவர்தான் போய்விட்டாரே.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியை. யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும், போனது சரி, வந்தது என்ன, யாருடைய கையால் வந்தது என்று கேட்கப்போகிறேன். நாளை ஆலமரம் வரை சொல்வேன். அதோடு நிறுத்துவேன். பிறகு மாமியைப் பார்த்து, கப்பல் கிறுகிட்டு மாமா, அதில

கதவைத் தட்டுகிற சத்தம். அப்பா.

"இன்னும் படுக்கேல்லையோ? பாடமே? சரி, திற. தாளைத் தா, நான் பாத்துக்கொண்டிருக்கிறன், நீ சொல்லு."