தோளில் இருந்த கை

அப்பாவின் கல்வெட்டுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கல்வெட்டு என்றதும் கோயில் சுவரை நினைப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கத்தில், செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யும்போது, வந்தவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, உறவினர் பெயர்கள். முகப்பில் செத்தவரின் படம். அதுதான் கல்வெட்டு. இங்கே நியூசிலாந்தில், ஒக்லாந்தின் விரி என்ற பகுதியில் அச்சகம் நடத்தும் மதுரைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "கல்லுல செதுக்குற வேலை நாங்க பண்றதில்லைங்க," என்று மரியாதையாக மறுத்துவிட்டார். விளக்கிச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அப்பாவுக்கு முகம் இல்லை. வீட்டிலிருந்த படங்களில் எல்லாம் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் பட்டமளிப்பு விழாவில் என் காலிலுள்ள சப்பாத்தைப் பார்க்கிறார். தங்கச்சியின் கலியாணத்தில் ஐயரின் செம்பைப் பார்க்கிறார். நேராகப் பார்க்கும் ஒரே படம் அகதி விண்ணப்பத்துக்காக எடுத்தது. அதைக் காட்டியதும் அம்மா கையால் தள்ளிவிட்டார்.

"உது வேண்டாம் பிள்ளை. உது பயந்துபோன முகம். ஆக்கள் கொண்டுபோய் வீட்டிலை வைக்கிறதுக்கு உதையே குடுக்கிறது?"

அப்பா சிரித்த படம் ஒன்று எங்கே இருக்குமென்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் போகத்தான் மனம் வரவில்லை.

அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கரையில் படகு இயந்திரங்களோடு வளர்ந்தவர். ஒக்லாந்துக்கு வந்த புதிதில் ஒரு படகுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி வெள்ளைக்காரர். கிழமை நாட்களில் ஊரார் படகுகளைத் திருத்துவார், கோடைகாலச் சனிக்கிழமைகளில் தன் படகை ஆழ்கடல் விசைப்படகுப் பந்தயத்தில் ஓட்டுவார். அப்பாவின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. இரண்டெழுத்தாக வெட்டி வைத்துக்கொண்டார். அப்பாவின் கை எப்படிப்பட்டது என்பதை மட்டும் சரியாகக் கண்டுபிடித்தார்.

அந்தப் படகுகளில் சுக்கானைப் பிடிப்பவர் ஒருவர், வேகத்தைப் பிடிப்பவர் இன்னொருவர். அலையில் ஏறிப் படகு தண்ணீரை விட்டு எழும்பும்போது திராட்டில் என்ற வேகப்பிடியை இழுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் படகைத் தள்ளும் காற்றாடி வெறுங்காற்றில் சுழன்று இயந்திரம் நாசமாகும். படகு மறுபடி தண்ணீரைத் தொடும்போது திருப்பித் தள்ள வேண்டும். பிந்தினால் படகின் மூக்குத் தண்ணீருக்குள் குத்திவிடும். கண்ணால் பார்த்துச் செய்தால் பிந்திவிடும், உட்கார்ந்திருக்கிற இடுப்புக்குத் தெரியவேண்டும் என்பார் அப்பா. முதலாளி சுக்கானில், அப்பா திராட்டிலில், வரைபடத்தோடு மூன்றாவதாக ஒருவர். இதுதான் அவர்களுடைய படகு.

பந்தய நாட்களில் நாங்கள் கரை மேட்டில் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்போம். சுற்றியிருந்தவர்கள் பியர் குடித்தார்கள், நாங்கள் புட்டுச் சாப்பிட்டோம். படகு கடந்துபோகும்போது அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரிப்பார். சத்தம் பிடிக்காது என்று சொல்லுவார், ஆனால் ஒரு பந்தயத்தையும் விட்டதில்லை. அப்பா கரைக்கு வந்ததும், "இஞ்சாருங்கோ, உப்புத் தண்ணியோடை சாப்பிட இருக்காதேங்கோ," என்று துடைக்கத் துவாயை நீட்டுவார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. சண்டைக்குள்ளிருந்து தப்பி, எங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தவர். விரியில் ஒரு கிடங்கில் வேலை. அங்கே சரக்குப் பலகை ஒன்று விழுந்து வலது கைச் சின்னவிரல் நகம் நசுங்கி, பிறகு வளர்ந்ததெல்லாம் கறுப்பாகவும் கோணலாகவும் வளர்ந்தது. அந்த நகத்தைக் காட்டி எங்களைப் பேய் பேய் என்று வெருட்டுவார்.

ஒரு பந்தயத்தன்று வரைபடக்காரருக்குக் காய்ச்சல். மாமா எத்தனையோ நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா அவரை மூன்றாவது இருக்கையில் ஏற்றினார். அதைத் தவிர அப்பா செய்தது ஒன்றுமில்லை. கரை மேட்டிலிருந்து பார்த்த எங்களுக்கு, மற்றப் படகுகள் வந்தன, அப்பாவின் படகு வரவில்லை, அவ்வளவுதான் தெரிந்தது. தீவுகளுக்கு அப்பால் ஓர் அலையில் மூக்குக் குத்திப் படகு உடைந்திருந்தது. முதலாளியையும் அப்பாவையும் உயிரோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமாவின் மிதவைச் சட்டை மட்டும் கிடைத்தது.

அந்தச் சட்டையைப் பொலிஸ்காரர் கொண்டுவந்து காட்டினார். பட்டி அறுந்திருக்கவில்லை, கழன்றிருந்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். கழன்றிருந்தால் அவனே கழற்றியிருக்கிறான். கழற்றியவன் நீந்தியிருப்பான். இந்தக் கடலில் எத்தனை தீவு! பொறுப்பான அதிகாரிகள் எல்லோரும் மாமா செத்துவிட்டார் என்றே சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. அந்தியேட்டி இல்லை, கல்வெட்டு இல்லை, திவசம் இல்லை. கோயிலில் எவரும் அம்மாவிடம் தம்பியைப் பற்றிக் கேட்பதில்லை என்பது எங்கள் சனத்துக்குள் எழுதாத சட்டமாகிவிட்டது. தம்பி வந்தால் தேடுவானென்று, அம்மா மங்கரேயில் நாங்கள் இருந்த வீட்டைவிட்டு மாறவும் இல்லை, தொலைபேசி எண்ணை மாற்ற விடவும் இல்லை.

ஆனால் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று நம்பியவர் அப்பாவை மன்னித்திருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. "சண்டையிலை சாகாதவனை விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனியள். வேகம் குறைச்சு ஒருக்கால் கையை எடுத்திருக்கலாம்தானே?" அதற்குப் பிறகு அம்மா அப்பாவை இஞ்சாருங்கோ என்று கூப்பிடவே இல்லை. எல்லாம் எங்கள் மூலமாகத்தான். "கொப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு." அப்பா வந்து, தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். சாப்பிடாத நேரத்தில் வலது கை மேசையில் கிடந்து மெல்ல முன்னே போகும், பின்னே வரும். அதை நாங்கள் பார்க்காததுபோல இருக்கப் பழகிக்கொண்டோம். போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அந்தக் கை அப்படித்தான் போய்வந்தது, நிற்கும்வரை.

வேறு வழியில்லாமல் முதலாளியின் வீட்டுக்குப் போனேன். கிழவர், ஊன்றுகோலோடு கதவைத் திறந்தார். ஒரு பிஸ்கட் டின் நிறையப் படங்கள். வெள்ளைப் படகு, நுரை, தலைக்கவசம் போட்டு முகமே தெரியாத மூன்று பேர். அவற்றுக்குள் ஒரே ஒரு படத்தில் அப்பா தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறார். பக்கத்தில் மாமா, அந்த மிதவைச் சட்டையோடு, அப்பாவின் தோளில் கை போட்டபடி. மாமாவின் கடைசி நாள் காலை.

அது யாருடைய கையின் பிழையும் இல்லை, ஓர் அலை, என்றார் கிழவர். இதை அப்பாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கூப்பிட்டுச் சொன்னாராம். அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன், ஆனால் கிழவரோடு சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

படத்தை அச்சகத்துக்கு அனுப்பி, பக்கத்தில் இருப்பவரை வெட்டிவிடும்படி எழுதினேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. அதற்கிடையில் அச்சகக்காரர் அம்மாவுக்கே தொலைபேசியில் கூப்பிட்டு, மேலே பிள்ளையார் படம் போடவா என்று கேட்டிருக்கிறார். அம்மா, எங்கள் வழக்கில் ஆமாம் என்பதற்கு, "ஓம்" என்றிருக்கிறார். அவர், பிள்ளையார் வேண்டாமா, ஓம் போதுமா என்று கேட்டிருக்கிறார். "ஓம், ஓம்." படம் சேர்க்காத மாதிரி அட்டை வந்தபோது பிள்ளையார் இல்லை, இரண்டு மூலையிலும் ஒவ்வொரு ஓம். அப்பா செத்த பிறகு நான் சிரித்தது அதற்குத்தான். இதைத் திருத்தவென்று அம்மா தானும் வருவேன் என்று நின்றார். எல்லர்ஸ்லியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அச்சகத்துக்குக் கூட்டிப்போனேன்.

திரையில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். மாமாவை வெட்டியாயிற்று. ஆனால் அப்பாவின் தோளில் நான்கு விரல்கள் இருந்தன.

"இந்த விரலை மட்டும் இன்னும் எடுக்கலம்மா, இப்ப எடுத்துடுறேன்."

"எடுக்காதேங்கோ." அம்மா திரைக்குக் கிட்டப் போய்விட்டார். சின்னவிரலின் கறுப்பு நகத்தைத் தொட்டார். "முழுப் படத்தையும் காட்டுங்கோ."

அவர் காட்டினார். அம்மா நெடுநேரம் பார்த்தார். தம்பியைப் பார்த்தார், பிறகு அப்பாவை, அந்தச் சிரிப்பை. எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

"இது யாரும்மா?"

"என்ரை தம்பி."

"இவரும் இறந்துட்டாருங்களா?"

இத்தனை வருடத்தில் இதை எவரும் அம்மாவிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. மதுரைக்காரருக்கு எங்கள் சட்டம் தெரியாது.

"ஓம்," என்றார் அம்மா.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது இந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், ஒரு நாளாவது அந்த மனிதர் தலையை நிமிர்த்திச் சாப்பிட்டிருப்பார்.

அச்சகக்காரர் அட்டையின் மூலையிலிருந்த ஓமைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், புரியாமல் என்னைப் பார்த்தார்.

"ஆமான்னு சொல்றாங்க," என்றேன். "இறந்துட்டார்."

அவர் தலையசைத்து, அப்பாவின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயருக்கு இடம் ஒதுக்கினார். பிறப்புக்கு மலர்வு, இறப்புக்கு உதிர்வு என்று இரண்டு சொல்லையும் தட்டச்சு செய்துவிட்டு, உதிர்ந்த தேதி என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னார்.