அரை டிக்கெட் கேமரா

எங்கள் அண்ணிக்கு 'ஃபுல் ஃபிரேம்' என்ற பேச்சை எடுத்தாலே எரிச்சல் வந்ததற்கு நானும் ஒரு காரணம். ஒப்புக்கொள்கிறேன். என் வாய் அப்படி.

அண்ணி ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளைப் படம் எடுப்பவர். பதினோரு வருடமாக அதுதான் வேலை. வார்டில் ஃபிளாஷ் போடக்கூடாது, ஜன்னல் வெளிச்சம்தான். யாரையும் நகரச் சொல்லாமல், ஒரு கையில் கேமராவைப் பிடித்தபடி மறு கையால் தொட்டில் துணியை விலக்கியே எடுத்துவிடுவார். அந்தக் கேமரா உள்ளங்கை அகலம்தான். லென்ஸ்கள் ஐந்தும் தோள்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் அடங்கிவிடும். உள்ளே படம் பதிகிற சென்சார், 'ஃபுல் ஃபிரேம்' என்கிற பெரிய கேமராவில் இருப்பதில் பாதி அகலம். அதனால் பிரிண்ட் கடைக்காரர் விளையாட்டாக அதற்கு 'அரை டிக்கெட்' என்று பெயர் வைத்தார். வீடு முழுக்க அதைப் பரப்பிய புண்ணியவதி நான்தான். அண்ணி சிரித்து மழுப்பிவிடுவார். அது உள்ளுக்குள் குத்துகிறது என்று எனக்கு எங்கே தெரிந்தது?

போன மாதம் பெரிய டாக்டர் அண்ணியைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாசல்ல பத்தடி சுவர் இருக்கில்லம்மா, அதுக்கு ஒரே படம் வேணும். கிட்டப் போய்ப் பார்த்தாலும் புள்ளி புள்ளியா உடையக்கூடாது. உங்க கேமராவுல வருமா? வராதுன்னா சொல்லிடுங்க, வெளியில ஆள் இருக்காங்க. பிரிண்ட் கடைக்காரர் சரின்னா எனக்கும் சரி."

வெளி ஆள் சுவருக்கு வந்தால் நாளைக்கு வார்டுக்கும் வருவான். இது அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பேசாம ஃபுல் ஃபிரேம் வாங்கிடுங்க அண்ணி. இன்னும் எத்தனை நாளைக்கு அரை டிக்கெட்ல போவீங்க?" என்றேன்.

என் அண்ணன் இருக்கிறானே, அவன் அதற்கு மேல். "ஃபுல்லுன்னா? அப்ப இவ்வளவு நாளா பாதிப் பாதியாவா எடுத்தா? மீதியெல்லாம் எங்க?" என்று கேட்டான். அவனுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அண்ணி உள்ளே போய், கேமராவையும் ஐந்து லென்ஸையும் விற்பதாக விளம்பரம் போட்டார். சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அண்ணிக்குச் சரியான தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை.

வியாழக்கிழமை தோழியிடமிருந்து ஒரு பெரிய கேமராவை இரவல் வாங்கி வார்டுக்குக் கொண்டுபோனார். துணைக்கு நான். அப்பா, என்ன கனம்! ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒரு பெண், நெஞ்சின் மேல் இரட்டைப் பிள்ளைகள். சுவரில் போடச் சம்மதமா என்று அண்ணி கேட்டதும் அந்தப் பெண் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அண்ணி லென்ஸின் வாயை எப்போதும்போல் ஒன்று புள்ளி எட்டு என்ற எண்ணுக்கு அகலத் திறந்து எடுத்தார்.

படத்தைக் காட்டியதும் அந்தப் பெண் கேட்டாள்: "ஏங்க, சின்னவன் மட்டும் ஏன் மங்கலா இருக்கான்? அவனும் என் புள்ளதானே?"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரிய கேமராவில் அவ்வளவு திறந்தால் ஒரு முகம்தான் தெளியும். அவருடைய கேமராவில் அதே எண்ணில் இரண்டு முகமும் அடங்கிவிடும். பதினோரு வருடப் பழக்கத்தில் விரல் தானாக அங்கே போய்விட்டது. அப்புறம் லென்ஸைச் சுருக்கினார். இரண்டு முகமும் தெளிந்தன, ஆனால் வெளிச்சம் போதவில்லை. அதை ஈடுகட்ட கேமராவின் உணர்திறனை ஏற்றினார். ஏற்றினால் மணல் தூவியதுபோல் படத்தில் புள்ளி விழும். எடுத்து முடித்தவர், பையிலிருந்து தன் கேமராவையும் எடுத்து அதே இடத்தில் நின்று ஒன்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு படங்களிலிருந்தும் சின்னவனின் காதையும் தாயின் விரல்களையும் மட்டும், பத்தடிச் சுவரில் வரப்போகும் அளவிலேயே அச்சடித்திருந்தார். இரண்டு தாள்களையும் சுவரில் ஒட்டினார்.

"எது எதுன்னு பின்னாடி எழுதியிருக்கேன். சொல்லமாட்டேன். நீங்களே கண்டுபிடிங்க."

அண்ணி கிட்டே போனார், தள்ளி வந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போனார். கடைசியில் இடது பக்கத் தாளைத் தொட்டார்.

"இதுதான் பெரியது. காது மேல இருக்கிற பூனை முடிகூடத் தெரியுது." தோற்றுப்போன குரல். "என்னோடதுல இப்படி வராது."

கடைக்காரர் அந்தத் தாளை உரித்துத் திருப்பினார். 'சின்னது' என்று எழுதியிருந்தது.

"மாத்தி எழுதிட்டீங்களா? இன்னொரு தடவை பாருங்க," என்றார் அண்ணி. கடைக்காரர் கணினியிலேயே திறந்து காட்டினார். "வெளியில நின்னு எடுத்தா பெரியது ஜெயிக்கும், நான் இல்லேங்கல. உங்க ஜன்னல் வெளிச்சத்துல, ரெண்டு குழந்தையும் தெளிவா வேணும்னு லென்ஸைச் சுருக்கினதும் அதுவும் இதுவும் ஒண்ணாயிடுச்சு. டாக்டருக்கு இப்பவே சரின்னு சொல்லிடறேன். எதுல எடுக்கறதுங்கறது உங்க இஷ்டம்."

அண்ணி அங்கிருந்த காகிதக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்து, "அப்பாடா" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது. எனக்கும்தான். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கினாற்போல் இருந்தது.

வெளியே வந்ததும், "நான்தான் வாய் வச்சு உங்களைக் கிளப்பிவிட்டேன். மன்னிச்சிடுங்க அண்ணி," என்றேன்.

"நீ கேலிதான் பண்ணினே. நான்தான் அதை நம்பிட்டேன். நல்லா இருந்ததைப் பார்த்ததும் அது என்னோடதா இருக்காதுன்னு நானே சொன்னேனே, கேட்டியா?"

அண்ணி நடைபாதையிலேயே நின்று, நாலு மணிக்கு வருவதாக இருந்தவருக்கு போன் போட்டார். கேமராவை விற்கவில்லை என்றார். அந்த ஆள் விடுவதாக இல்லை. யாருக்குக் கொடுத்துவிட்டீர்கள், அதைவிடக் கூடவே தருகிறேன் என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"யாருக்கும் குடுக்கலைங்க," என்றார் அண்ணி. "எனக்கே வேணும்."