முகம் யாருடையதோ, படம் அவருக்கு

தாராவியில் ஷேக் பரீதைத் தெரியாத ஆள் இருந்தால், அவர் நேற்றுத்தான் ரயிலில் வந்து இறங்கியிருக்க வேண்டும். மேலப்பாளையத்திலிருந்து இளவட்டமாக வந்தவர் பரீத். கல்யாணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுத்துப் பிழைப்பை ஓட்டினார். அது வயிற்றுக்கு. மனசுக்கென்று ஒரு வேலை தனியாக இருந்தது. விடிந்ததும் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு சந்து சந்தாகத் திரிவார். குழாயடிச் சண்டை, தோல் காயப்போடும் முற்றம், சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ரயிலுக்கு ஓடுகிறவர்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பார். யாரையும் நில் என்றோ சிரி என்றோ சொன்னதில்லை. தன்னை எடுத்தது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது.

அவருடைய முதல் கண்காட்சி தற்செயலாக நடந்தது. அவர் குடியிருந்த ஒற்றை அறையில் கழுவிய படங்களைக் காயப்போட இடமில்லை. வாசலில் குறுக்கே கயிறு கட்டி, துணிக்குப் போடும் கிளிப்பை மாட்டித் தொங்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் சந்து அடைத்துக் கூட்டம். இட்லிக் கூடையோடு போன முருகம்மாள் என்ற புதுப்பெண் எட்டிப் பார்த்தாள். கயிற்றில் அவளே தொங்கிக்கொண்டிருந்தாள். தலையில் கூடை, கையில் செருப்பு, முழங்கால் அளவு மழைத் தண்ணீர்.

"ஏ பாய், இது நான்லா!" என்று கிளிப்பைக் கழற்றிப் படத்தை எடுத்துக்கொண்டாள்.

பரீதுக்குத் திக்கென்றது. ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு எந்த வாயால் திருப்பிக் கேட்பது? "ஒம் மொகம். நீயே வச்சுக்க" என்றார்.

அதுவே சட்டமாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் முடிந்ததும் பரீத் கயிறு கட்டுவார். முகம் யாருடையதோ படம் அவருக்கு. காலையில் கட்டிய கயிறு சாயங்கால அஸர் தொழுகைக்குள் காலியாகிவிடும். நெகட்டிவ் இருக்கிறதே என்று அவர் தைரியமாக இருந்தார். அந்தத் தைரியமும் எண்பத்தைந்தாம் வருஷ மழையில் போயிற்று. அறைக்குள் புகுந்த தண்ணீர் தகரப்பெட்டிக்குள்ளும் புகுந்து, நெகட்டிவ்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாக்கிவிட்டது. பரீத் அன்று அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. எடுத்த படங்களைச் சேர்த்து ஒரே இடத்தில் வைத்து, ஒரு தடவையாவது ஆற அமரப் பார்க்க வேண்டும். மனைவி நஜ்முன்னிசாவிடம் மட்டும் சொன்னார். "பாக்கதுக்கு என்ன இருக்கு, எல்லாத்தையும் அள்ளிக் குடுத்தாச்சே" என்று அவள் வெடுக்கென்று சொன்னாலும், அன்றைக்குக் குழம்பில் இரண்டு கறித்துண்டு கூடுதலாகப் போட்டாள்.

எண்பத்தேழில் பக்கத்து மாட்டுங்காவிலிருந்து வானமாமலை என்பவர் வந்தார். ரயில்வே ஆபீஸில் வேலை, அங்கே ஒரு தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். சங்கக் கமிட்டியோடு மல்லுக்கட்டிக் கண்காட்சிக்கு ஹாலை வாங்கியிருந்தார். அந்த எண்பத்தைந்து மழைக்குப் பிறகு எடுத்த நெகட்டிவ்களிலிருந்து பெரிய படங்களாகப் போட்டு, ஒரு வாரம் முழுக்கச் சுவரில் மாட்டி வைப்பதாக ஏற்பாடு. ஒரு வாரம்! பரீதுக்கு அதற்கு முந்தின வாரம் பூராவும் தூக்கமே பிடிக்கவில்லை. கொஞ்சமாவது சேர்த்துப் பார்க்கலாம் இல்லையா? புது ஜிப்பா தைத்துக்கொண்டார். தாராவியில் ஒரு வீடு விடாமல் ஏறி அழைத்தார். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டார்: அங்கே படத்தை எடுக்கக் கூடாது என்பதை. சொல்ல நாக்கு வரவில்லை.

முதல் நாள் காலையிலேயே முருகம்மாள் வந்துவிட்டாள். இப்போது பேரன் எடுத்தவள். "தொடாதீர்கள்" என்று வானமாமலை ஒட்டியிருந்த அட்டைக்கு நேர் கீழே நின்று, தன் படத்தைக் கழற்றி முந்தானையில் பொதிந்தாள்.

"நல்லா வந்திருக்கு பாய். சுகமா இருங்க."

பரீத் தலையாட்டி வழிவிட்டார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். வந்தவர்கள் குசலம் விசாரித்தார்கள், டீ குடித்தார்கள், அவரவர் முகத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் வானமாமலை வந்தபோது சுவரில் ஆணிகள்தான் இருந்தன.

"என்ன பாய் இது! நாளைக்குப் பத்திரிகைக்காரா வரா. ஒண்ணுமே இல்லையே!"

"அவுக மொகம்லா சார்."

வானமாமலை வெற்று ஆணிகளைக் காட்டினார். "மொகம் அவாளோடது, சரி. படம் உங்களோடது இல்லையா?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. பரீத் வீட்டுக்கு வந்து, சோற்றைத் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நஜ்முன்னிசா விடுவாளா? நச்சரித்து நச்சரித்து விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

காலையில் குழாயடியில் முருகம்மாளைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வாரம் அவரு கண்ணால பாக்கணும்னு ஆசப்பட்ட மனுசன். ஒரே நாள்ல வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டியளே!"

முருகம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். "எக்கா, சத்தியமா தெரியாது. பாய் ஒரு வார்த்தை சொல்லலியே. இந்தா, இப்பமே கொண்டு வாரேன். நேத்து எடுத்தத மட்டுமா, இல்ல பழசையுமா?"

நஜ்முன்னிசா ஒரு நிமிஷம் யோசித்தாள். "எல்லாத்தையும் கொண்டா. எல்லாரையும் கொண்டாரச் சொல்லு."

பத்து மணிக்கு மாட்டுங்கா ஹால் வாசலில் தாராவியே நின்றது. ரசக்கறை பட்டவை, கண்ணாடி உடைந்தவை, பிள்ளைகள் பேனாவால் மீசை வரைந்தவை என்று படங்களோடு வந்திருந்தார்கள். தோல் பட்டறைக் காசிம், தன்னைப் பெற்று வளர்த்து இறந்துபோன அத்தாவின் படத்தைப் புதுத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தான். சில படங்களில் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் புதுச் சுண்ணாம்பு உதிரும் என்று முனகினார். வானமாமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தார். சுவர் போதாமல் பெஞ்சுகளிலும் சாய்த்து வைத்தார்கள்.

நஜ்முன்னிசா கையைப் பிடித்து இழுத்து வராத குறையாகப் பரீதை அழைத்து வந்தாள். உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். புதுப்பெண் முருகம்மாள், பிள்ளைத்தாய்ச்சி முருகம்மாள், நரைத்த முருகம்மாள் என்று மூன்று பேர் ஒரே வரிசையில் இருந்தார்கள். மூடிப்போன மில்லின் வாசல் இருந்தது. ஊரோடு போய்விட்டவர்கள் இருந்தார்கள். எடுத்ததே மறந்துபோன முகங்களெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணில் நீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. பத்திரிகைக்காரர் ஏதோ கேட்டார். அவர் காதில் விழவில்லை.

நஜ்முன்னிசாவுக்குத் திடீரென்று பதற்றம் வந்தது. "கேமராவ வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டியளே! இம்புட்டு சனம் ஒண்ணா நிக்கி. ஓடிப் போயி எடுத்துட்டு வரட்டா?"

"வேண்டாம் புள்ள," என்றார் பரீத். "இத்தன வருசமும் எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்கித்தான் பாக்கேன்."